சுவருக்குள் போகும் 23,650 ரூபாய்

மனை அரை கிரவுண்டு. 30 அடிக்கு 40 அடி, மொத்தம் 1,200 சதுர அடி. அதில் 900 சதுர அடியில் ஒரு தரைத்தள வீடு: இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, இரண்டு குளியலறை, பின்பக்கம் துணி துவைக்க ஓர் இடம். சென்னைப் புறநகரில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பங்களுக்குப் பழகிய அளவு இது. இந்த வீட்டின் பிளம்பிங் வேலையை மட்டும் தனியே பிரித்து, சம்ப்பிலிருந்து கடைசிக் குழாய் வரை கணக்குப் போட்டிருக்கிறேன். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் கட்டுமானச் செலவு 22,50,000 ரூபாய். அதில் குழாய் வேலைக்கு ஆவது 1,88,680 ரூபாய், அதாவது 8.4 சதவீதம்.

விலைகள் வரி உள்பட இந்தக் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் பத்து, இருபது சதவீதம் கூடலாம், குறையலாம். ஆனால் எந்த இனத்துக்கு எவ்வளவு பங்கு போகிறது என்பது அதிகம் மாறாது. நான் சொல்ல வந்ததும் அந்தப் பங்கைப் பற்றித்தான்.

முதலில் தண்ணீர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது ஐ.எஸ். 1172 என்னும் இந்தியத் தர விதி கொடுக்கும் அளவு. அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. வீட்டில் ஐந்து பேர் என்றால் 675 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் ஒன்றரை நாளுக்கு வரும். சம்ப் உள்ளளவு 7 அடிக்கு 6 அடி, ஆழம் 5 அடி என்று கட்டி, மேலே அரை அடி விட்டுவிட்டால் 189 கன அடி தண்ணீர் நிற்கும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 5,350 லிட்டர், ஏறக்குறைய எட்டு நாள் தண்ணீர். லாரிக்குக் காத்திருந்த கோடைகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த எட்டு நாளைக் குறைக்க மாட்டார்கள்.

கழிப்பறைத் தொட்டியில் 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரண்டு பொத்தான் இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு ஒரு முறை பெரியது, நான்கு முறை சிறியது என்றால் ஐந்து பேருக்கு 90 லிட்டர். பழைய 10 லிட்டர்த் தொட்டியில் அதே 25 முறைக்கு 250 லிட்டர். மிச்சம் 160 லிட்டர். ஓர் ஆளின் ஒரு நாள் தேவையைவிட அது அதிகம்.

அடுத்து, அந்த 1,000 லிட்டர்த் தொட்டியை எங்கே வைப்பது? இதை யோசித்து முடிவு செய்கிறவர்கள் குறைவு. சென்டரிங் பிரித்த பிறகு மேஸ்திரி கை காட்டுகிற இடத்தில் தொட்டி உட்கார்ந்துவிடுகிறது. ஓர் அடி உயரத் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 0.433 பவுண்டு அழுத்தம் தரும். தரையிலிருந்து மொட்டைமாடித் தளம் பத்தரை அடி உயரம். ஷவர் இருப்பது 7 அடியில். தொட்டியைத் தளத்தின் மேலேயே வைத்தால் இடைவெளி மூன்றரை அடி, அழுத்தம் ஒன்றரை பவுண்டு. தொட்டியில் தண்ணீர் குறையும்போது ஷவரில் நூல்போல ஒழுகும். அதே தொட்டியைப் படிக்கட்டு ஹெட் ரூம் மேல் ஏற்றினால் இன்னும் 8 அடி கிடைக்கிறது. பதினொன்றரை அடி, 5 பவுண்டு. தண்ணீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடுவதால், வரத்து ஏறக்குறைய 1.8 மடங்காகும். இதற்கு ஆகும் அதிகச் செலவு இரண்டு, மூன்று பைப் நீளம். அதைச் செய்யாதவர்கள் பிறகு ஒரு பிரஷர் பம்ப் வாங்கி, மின்கட்டணமும் கட்டி, அது ஓடும் சத்தத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள். நிறைந்த தொட்டி ஒரு டன் எடை என்பதால் ஹெட் ரூமின் பீமும் தூணும் அதைத் தாங்கும்படி பொறியாளர் முன்கூட்டியே கம்பி கட்ட வேண்டும். ஆகவே தொட்டி நிற்கும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

உயரத்தால் கிடைத்த அழுத்தத்தைக் குழாயின் அகலத்தில் இழந்துவிடக் கூடாது. சுவருக்குள் போகும் சிபிவிசி பைப்பில், தடித்த ரகமான எஸ்.டி.ஆர். 11-இல், அரை அங்குலத்தின் உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர், முக்கால் அங்குலத்தின் உள்விட்டம் 18.2 மில்லிமீட்டர். விட்டம் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் அதே அழுத்தத்தில் போகும் தண்ணீர் 2.7 மடங்கு. அதனால்தான் இந்தக் கணக்கில் அரை அங்குல பைப்பே இல்லை. மாடியில் ஒன்றேகால் அங்குலம், இறங்கும் குழாய் ஓர் அங்குலம், அறைக்குள் முக்கால் அங்குலம், குழாய் மாட்டும் பித்தளை எல்போவில் மட்டும் முக்காலுக்கு அரை. மாடித் தொட்டியில் இருந்து வரும் மெல்லிய அழுத்தத்தை நம்பி வாழும் வீட்டில் அரை அங்குலத்தைச் சுவருக்குள் விடச் சொல்லும் பிளம்பர் வேலை தெரிந்தவராக இருக்க முடியாது.

இனி பேரேடு. குளியலறை ஒன்றுக்கு எட்டு பாயிண்ட்: கழிப்பறைத் தொட்டி, ஹெல்த் ஃபாசெட், வாஷ்பேசின், வாளிக் குழாய், டைவர்ட்டருக்குத் தண்ணீரும் வெந்நீரும், கீசருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டு அறைக்கும் 16. சமையலறையில் சிங்க், குடிநீர்க் குழாய், வடிகட்டி என 3. துவைக்கும் இடத்தில் 2. கூடத்து வாஷ்பேசின் 1, வாசல் குழாய் 1. மொத்தம் 23 பாயிண்ட்.

முதல் இனம், நல்ல தண்ணீர்க் குழாய்:
முக்கால் அங்குல சிபிவிசி, 3 மீட்டர் நீளம் 20 × 380 = 7,600
ஓர் அங்குலம் 4 × 600 = 2,400
ஒன்றேகால் அங்குலம் 4 × 950 = 3,800
பித்தளை எல்போ 23 × 150 = 3,450
எல்போ, டீ, கப்ளிங் 120 × 25 = 3,000
பால் வால்வு 4 × 400 = 1,600
பசை, கிளாம்ப், டெஃப்ளான் டேப், எண்ட் பிளக் = 1,800
ஆக 23,650 ரூபாய்.

இரண்டாம் இனம், தண்ணீரை ஏற்றவும் தேக்கவும்: சம்ப்பிலிருந்து மாடிக்கு யுபிவிசி லைன் 2,680, அரைக் குதிரைத்திறன் மோட்டார் 6,000, தொட்டி 8,000. ஆக 16,680. சம்ப், செப்டிக் டேங்க் கட்டுமானத்தைக் கொத்தனார் கணக்கில் விட்டுவிட்டேன்.

மூன்றாம் இனம், கழிவுநீரும் மழைநீரும்:
4 அங்குல எஸ்.டபிள்யூ.ஆர். பைப் 14 × 900 = 12,600
3 அங்குலம் 8 × 550 = 4,400
தரை ட்ராப் 5 × 350 = 1,750
பெண்டு, டோர் டீ முதலியன 30 × 150 = 4,500
ரப்பர் வளையம், கிளாம்ப் = 1,200
ஆக 24,450 ரூபாய்.

நான்காம் இனம், கண்ணுக்குத் தெரிவது: க்ளோசெட் 2 × 9,000, டைவர்ட்டர் 2 × 5,000, ஷவர் 2 × 1,500, வாஷ்பேசின் 3 × 2,500, அதன் குழாய் 3 × 1,500, மற்ற குழாய் 7 × 1,200, ஹெல்த் ஃபாசெட் 2 × 1,000, ஆங்கிள் வால்வு 12 × 500, சிங்க் 5,500, கீசர் 2 × 7,500, ஜாலி, பாட்டில் ட்ராப் வகையறா 3,500. ஆக 83,400 ரூபாய்.

ஐந்தாவது கூலி: சதுர அடிக்கு 45 ரூபாய் வீதம் 40,500.

நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு 44.2. கூலிக்கு 21.5. கழிவுக் குழாய்க்கு 13. சுவருக்குள்ளும் மாடியிலும் ஓடி வீடு முழுக்கத் தண்ணீர் கொடுக்கும் சிபிவிசிக்கு 12.5 மட்டுமே. வீட்டின் மொத்தச் செலவில் அது நூற்றுக்கு ஒன்று.

இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் கணக்கைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. கடைக்குப் போனால் க்ளோசெட்டையும் ஷவரையும் அரை நாள் பார்க்கிறோம். பைப் என்றால் “பிளம்பர் சொன்ன சரக்கைப் போட்டுவிடுங்கள்” என்கிறோம். ஷவர் பிடிக்கவில்லையா, ஐந்து வருடம் கழித்து ஒரு ஸ்பானரால் கழற்றி மாற்றிவிடலாம். சுவருக்குள் போனதையும் தரைக்கடியில் போனதையும் மாற்ற, வீட்டையே உடைக்க வேண்டும். புதைந்து போகும் இரண்டு இனமும் சேர்ந்து 48,100 ரூபாய். அவை இரண்டிலும் இருப்பதிலேயே நல்ல சரக்காக, 20 சதவீதம் விலை கூட்டி வாங்கினால் அதிகமாவது 9,620 ரூபாய். இரண்டு டைவர்ட்டரின் விலைகூட இல்லை. பணம் இறுக்கமாக இருந்தால் ஒரு குளியலறைக்கு மட்டும் டைவர்ட்டர் போடுங்கள். இன்னொன்றில் பாயிண்டை எடுத்து, பிளக் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். சிபிவிசி வாங்கும்போது பைப்பின் மேல் ஐ.எஸ். 15778 என்றும், கழிவுக் குழாயில் ஐ.எஸ். 13592 என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு நீளத்தையும் திருப்பிப் பாருங்கள்.

தரைக்கடியில் போவதற்கு வருவோம். அங்கே கணக்கு ரூபாயில் இல்லை, அங்குலத்தில் இருக்கிறது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 60-க்கு 1 சாய்வு வேண்டும். 10 மீட்டர் ஓடினால் 167 மில்லிமீட்டர், ஆறரை அங்குலம் இறங்கும். இரண்டு குளியலறையும் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கும் வரைபடத்துக்குத்தான் மேலே உள்ள அளவுகள். ஒன்றை முன்மூலையிலும் மற்றதைப் பின்மூலையிலும் வைத்தால் 4 அங்குலத்தில் 3 நீளம், 3 அங்குலத்தில் 3 நீளம், முக்கால் அங்குலத்தில் 4 நீளம் என 5,870 ரூபாய் கூடும். அது பெரிய தொகை இல்லை. ஆனால் கூடுதலாக ஓடும் 9 மீட்டருக்கு இன்னொரு 150 மில்லிமீட்டர், அரை அடி, சாய்வு கேட்கும். குழாய் அந்த அரை அடி ஆழமாகப் போனால் செப்டிக் டேங்கும் ஆழமாக வேண்டும். அது முடியாவிட்டால் பேஸ்மெண்டை அரை அடி தூக்க வேண்டும். 900 சதுர அடிக்கு அரை அடி என்றால் 450 கன அடி. சுவர் போக ஏறக்குறைய 4 யூனிட் கிராவல். யூனிட் 3,500 என்று வைத்தால் 14,000 ரூபாய் மண்ணுக்கு மட்டும் போகிறது. செங்கல் வரிசையும் கூலியும் வேறு. குளியலறை இருக்கும் இடத்தை மாற்றுவதற்கு வரைபடத்தில் ஆகும் செலவு ஓர் அழிப்பான்.

பேஸ்மெண்ட் உயரத்தை இன்றைய சாலையை வைத்துக் கணக்கிடாதீர்கள். மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்து, வீடு பள்ளத்தில் போன தெருக்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தளம் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அப்படிச் செய்யாத தெருவில் முதலில் அவதிப்படுவது குளியலறைத் தரை ட்ராப்தான். வெளியே தண்ணீர் நின்றால் உள்ளே கழிவுநீர் ஏறும்.

பெல்ட் கான்கிரீட் போடும் முன்பே, குழாய் கடக்கும் இடங்களில் 6 அங்குல பைப் துண்டுகளை வைத்துவிட வேண்டும். ஓர் அடி நீளத் துண்டு போதும். இதை மறந்துவிட்டால், பிறகு பிளம்பர் பெல்ட்டை உடைத்து, கம்பியை அறுத்து வழி செய்வார். வீட்டைத் தாங்கும் கம்பி அது.

செப்டிக் டேங்கில் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஐ.எஸ். 2470 விதிப்படி ஐந்து பேருக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர் போதும். 1,125 லிட்டர். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் உள்ளே போனால், நாளைக்கு 225 லிட்டர் வீதம் ஐந்து நாள் தங்கும். மலம் அடியில் படிந்து மக்க அந்த அவகாசம் வேண்டும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீருமாக மீதி 450 லிட்டரையும் அதிலேயே விட்டால் ஐந்து நாள் இரண்டு நாளுக்கும் குறைவாகச் சுருங்கும். மூன்றாம் இனத்தில் 3 அங்குலக் குழாய்க்குத் தனியாக 4,400 ரூபாய் ஒதுக்கியது இதற்காகத்தான்.

ஆனால் நம் ஊரில் நடப்பது வேறு. “பத்து வருடத்துக்கு லாரி கூப்பிட வேண்டாம்” என்று சொல்லி, பத்து, பன்னிரண்டு அடிக்கு உறை இறக்கி, அடியில் தளம் போடாமல் விடுகிறார்கள். லாரி வராததற்குக் காரணம், உள்ளே இருப்பது நிலத்தடி நீருக்குள் போய்க்கொண்டே இருப்பது. கழிவுநீர் நிலத்தில் ஊறும் இடம், குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்கிறது அதே விதி. அரை கிரவுண்டு மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தூரம் சரியாக 50 அடி, 15.24 மீட்டர். அதாவது 30-க்கு 40 மனைக்குள் எப்படி வைத்தாலும் 18 மீட்டர் கிடைக்கவே கிடைக்காது.

வாஸ்து பார்த்துக் கட்டுபவர்கள் போரை ஈசானிய மூலையிலும் செப்டிக் டேங்கை வாயு மூலையிலும் வைக்கிறார்கள். வடகிழக்கு, வடமேற்கு. இரண்டும் பக்கத்து மூலைகள் என்பதால் இடைவெளி 30 அடியோ 40 அடியோதான். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வடமேற்கு மூலையை ஒட்டி இருப்பது மேற்கு வீட்டின் வடகிழக்கு மூலை. தெருவில் எல்லாரும் முறைப்படி வைத்தால், நம் செப்டிக் டேங்குக்குப் பக்கத்திலேயே மேற்கு வீட்டுக்காரரின் போர் இருக்கும். நம் போருக்குப் பக்கத்தில் கிழக்கு வீட்டின் செப்டிக் டேங்க் இருக்கும். நடுவில் இருப்பது ஒரு காம்பவுண்டுச் சுவர். ஆகவே சின்ன மனையில் செப்டிக் டேங்குக்கு அடித்தளமும் நான்கு பக்கச் சுவரும் நீர்புகாதபடி பூசியே ஆக வேண்டும். தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் அதில் இணைப்பதே சரி. வரவில்லையென்றால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை லாரியை அழையுங்கள். லாரியின் குழாய் எட்டும்படி மூடியைத் தரைக்கு மேல் தெரியும்படி வையுங்கள். டைல்ஸ் போட்டு மறைத்துவிட்டு, பிறகு ஆளை இறக்கிச் சுத்தம் செய்யும் நிலைக்கு யாரும் வரக் கூடாது. 2013-ஆம் ஆண்டின் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. உள்ளே தேங்கும் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

மழைநீர்க் கணக்கு சுருக்கமானது, மகிழ்ச்சியானதும் கூட. 900 சதுர அடி மாடி 83.6 சதுர மீட்டர். சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவில். நூற்றுக்கு 85 பங்கு பிடித்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். 675 லிட்டரால் வகுத்தால் 148 நாள். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடியில் 40 சதுர மீட்டருக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்று நான் கணக்கிட்டு இரண்டு இறக்கியிருக்கிறேன். சம்ப்புக்கும் கசிவுக் கிணற்றுக்கும் கொண்டுபோகும் நீளத்தையும் சேர்த்து 6 நீளம், 5,400 ரூபாய். அனுமதி வாங்குவதற்காக வரைபடத்தில் மட்டும் காட்டாமல், இந்த 5,400 ரூபாயை உண்மையாகவே செலவழியுங்கள்.

சுவர் எழுந்த பிறகு, பூச்சுக்கு முன், காடி வெட்டும் நாள் வருகிறது. மெஷின் வைத்து இரண்டு கோடு கிழித்து நடுவில் உளி அடிப்பார்கள். நெடுக்காக வெட்டினால் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு; அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது. 9 அங்குலச் சுவரில் குறுக்குக் காடிக்கு 38 மில்லிமீட்டர் கிடைக்கும். 22 மில்லிமீட்டர் பைப் தாராளமாக அடங்கும். நாலரை அங்குலச் சுவரில் கிடைப்பது 19 மில்லிமீட்டர்தான். பைப்பே அதைவிடப் பருமன். ஆகவே நாலரைச் சுவரில் குறுக்கே பைப் ஓட்டக் கூடாது. தரை ஓரமாகக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நேராக மேலே ஏற்ற வேண்டும். இரண்டு குளியலறைக்கும் நடுச்சுவரை மட்டும் 9 அங்குலமாகக் கட்டச் சொல்லுங்கள். குழாய் எல்லாம் அதில் இறங்கட்டும்.

உயரங்களை அளக்கும்போது தரை இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். கான்கிரீட்டிலிருந்து டேப் பிடித்தால், டைல்ஸும் அதன் கலவையும் மூன்று அங்குலம் ஏறிய பிறகு எல்லாப் பாயிண்டும் மூன்று அங்குலம் தாழ்ந்துவிடும். 24 அங்குலத்தில் கேட்ட வாளிக் குழாய் 21-இல் நிற்கும். வீடு முழுக்க, முடிந்த தரையிலிருந்து 3 அடிக்கு ஒரு லெவல் கோடு அடிக்கச் சொல்லி, அதிலிருந்து மேலும் கீழும் அளக்க வேண்டும். சுவரிலும் அப்படித்தான். பூச்சு 12, டைல்ஸ் ஒட்டும் கலவை 10, டைல்ஸ் 8, ஆக 30 மில்லிமீட்டர் செங்கல்லுக்கு வெளியே பித்தளை எல்போவின் வாய் நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் நீட்டிப்புத் துண்டு போட்டு ஒப்பேற்றுவார்கள். ஒவ்வொரு துண்டும் இன்னொரு கசியும் வாய்ப்பு.

க்ளோசெட்டை மட்டும் இந்த நாளுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். தரையில் இறங்கும் எஸ் ட்ராப் வகையில் முடிந்த சுவரிலிருந்து கழிவுக் குழாயின் மையம் 9 அங்குலமும் உண்டு, 12 அங்குலமும் உண்டு. 9-க்குக் குழாய் வைத்துவிட்டு 12-ஐ வாங்கி வந்தால் அது உட்காராது.

வெந்நீர் தூரமும் தண்ணீர்ச் செலவுதான். முக்கால் அங்குல பைப்பின் ஒரு மீட்டரில் 0.26 லிட்டர் நிற்கும். மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்து 12 மீட்டர் இறக்கினால், ஒவ்வொரு குளியலுக்கும் முதலில் 3.1 லிட்டர் பச்சைத் தண்ணீர் வெளியேறும். ஐந்து பேருக்கு நாளைக்கு 15.6 லிட்டர், வருடத்துக்கு 5,694 லிட்டர். ஒரு சம்ப் தண்ணீர். அந்த முதல் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்பவருக்கு இது நட்டமில்லை. மற்றவர்கள் வெந்நீர்க் குழாயைக் குறுக்குவழியில் இறக்கி, மேலே உறை சுற்ற வேண்டும்.

கடைசியாக, கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால் நாளைக்கு 4.3 லிட்டர், வருடத்துக்கு 1,577 லிட்டர் சுவருக்குள் இறங்கும். முதலில் மறுபக்க அறையின் பெயிண்ட் உப்பும். பிறகு உப்பு பூக்கும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும். பசை போட மறந்த ஒரு எல்போவின் விலை 25 ரூபாய். அதை மாற்ற 8 அடிக்கு 7 அடி சுவரில் டைல்ஸ் முழுதும் பெயர்க்க வேண்டும், பழைய நிறம் கடையில் கிடைக்காது என்பதால். 56 சதுர அடி டைல்ஸ் 3,360. கொத்தனாரும் சித்தாளும் மூன்று நாள் 5,100. பிளம்பர் இரண்டு நாள் 2,400. சிமெண்ட், மணல், இடிபாடு அள்ள 2,500. ஆக 13,360 ரூபாய். எல்போவின் விலையைப்போல 534 மடங்கு.

எங்கள் வீட்டில் பசை மறக்கவில்லை. கண்ணாடி மாட்ட வந்தவர் டிரில்லிங் மெஷினை நேராகப் பைப்பிலேயே இறக்கிவிட்டார். அவர்மீது குற்றமில்லை. பைப் எங்கே போகிறது என்று அவர் கேட்டபோது வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. இப்போது கட்டுகிற உறவினர்கள் எல்லாரிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

படம் எடுத்த பிறகு பரிசோதனை. பசை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். 23 பாயிண்டிலும் பிளக் அடித்து, கீசர்ப் பாயிண்ட் இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்தால் தண்ணீர் லைனும் வெந்நீர் லைனும் ஒன்றாகிவிடும். குழாயில் காற்று இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கைப்பம்ப்பால் அழுத்தத்தை 7 கிலோவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். எஸ்.டி.ஆர். 11 சிபிவிசி சாதாரண வெப்பத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிலோ தாங்கும். 82 டிகிரி வெந்நீரில்கூட 7 கிலோ தாங்கும். ஆகவே பைப் வெடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். நம் மாடித் தொட்டி தருவது ஒரு கிலோகூட இல்லை என்பதால், “தொட்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை” என்பது பரிசோதனை ஆகாது. பசையில்லாத மூட்டு அந்த மெல்லிய அழுத்தத்தில் இரண்டு வருடம்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கும். வாடகைப் பம்ப்புக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் வைத்துக்கொண்டால், அது மொத்தப் பிளம்பிங் செலவில் நூற்றுக்குக் கால் பங்குதான்.

கூலியில் நாற்பது சதவீதத்தை, 16,200 ரூபாயை, இந்தப் பரிசோதனைக்குப் பிறகு கொடுப்பதாக வேலை தொடங்கும் அன்றே பிளம்பரிடம் பேசிக்கொள்ளுங்கள். நல்ல பிளம்பர் இதற்குத் தவறாக நினைக்க மாட்டார். அவரே பம்ப்பைக் கொண்டுவருவார். மாலையில் மானியின் முள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையில் நீங்களே போய்ப் பாருங்கள். முள் அதே கோட்டில் நின்றால், கொத்தனாரைப் பூச்சுக்குக் கலவை போடச் சொல்லுங்கள்.